தாய்ச்சி, நிலைப் பயிற்சி, ஊசி, கஷாயம்: எல்லாவற்றையும் ஒரே 12 வாரத்தில் போடலாமா?

#1 · கிணற்றடி

பூங்காவில் கூடும் காலை நடைக்குழு ஒன்றுக்காக 12 வாரத் திட்டம் எழுதியிருக்கிறேன். பதினைந்து பேர், 50 முதல் 65 வயது. பாதிப் பேருக்கு பிபி மாத்திரை உண்டு, நாலைந்து பேருக்குச் சர்க்கரை. முழங்கால் பிடிப்பு அநேகமாக எல்லோருக்கும். சீனத்து அகவழிக் கலைகளையும் அந்த ஊர் மருத்துவத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான் யோசனை.

1 முதல் 4 வாரம்: தினமும் 20 நிமிடம் ஜான் ஜுவாங் (மரம்போல் நிற்றல்). பிறகு பாதுவான்ஜின் எட்டு அசைவுகள், ஒவ்வொன்றும் 8 முறை.
5 முதல் 8: தாய்ச்சி 24 அசைவு வடிவம்.
9 முதல் 12: ஷிங்யி என்ற சீனச் சண்டைக் கலையின் ஐந்து குத்துகள். நுரையீரலுக்கு பி, சிறுநீரகத்துக்கு ஜுவான், கல்லீரலுக்கு பெங், இதயத்துக்கு பாவ், மண்ணீரலுக்கு ஹெங்.

மருத்துவப் பக்கம்: வாரம் ஒருமுறை ஊசி (அக்குபங்சர்), பயிற்சி முடிந்த கையோடு. வீட்டில் தினமும் முழங்காலுக்குக் கீழே உள்ள ஜுசன்லி புள்ளியில் மோக்ஸா (மூலிகைக் குச்சியைக் கொளுத்திக் காட்டும்) சூடு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேநீர்: ஹுவாங்சி (ஒரு சீன மூலிகை வேர்), ஜின்செங், அதிமதுரம். வலிக்குத் தித்-தா தைலம் (அடிபட்ட இடத்தில் தடவும் சீனத் தைலம்).

எங்கே இடிக்கிறது? தயங்காமல் பிரித்து மேயுங்கள்.

#2 · குதிரைநிலை

முதல் வரியிலேயே இடிக்கிறது. முதல் நாளே 20 நிமிடம் நிற்கச் சொன்னால் இரண்டாம் வாரம் பதினைந்து பேரில் நாலு பேர்தான் வருவார்கள். அந்த நாலு பேரும் தப்பாக நிற்கப் பழகியிருப்பார்கள், அது இன்னும் மோசம்.

முதல் வாரம் 3 நிமிடம். அடுத்த வாரம் 5. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு நிமிடம் ஏற்றினால் 12-ஆம் வாரம் 15 வரும். அந்த வயதுக்கு அது தாராளம்.

நிற்கும் முறை: பாதங்கள் தோளகலம், இரண்டும் இணை. பாத நுனி வெளியே திரும்பக்கூடாது. முழங்காலில் லேசான தளர்வு போதும். பூட்டு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உயரமான முக்காலியின் விளிம்பில் உட்காரப் போகிற மாதிரி இடுப்பை இறக்குங்கள். அப்போது முதுகின் கீழ்ப்பள்ளம் தானே குறையும். வயிற்றை எக்கவோ பிட்டத்தை முன்னால் தள்ளவோ வேண்டாம். கைகள் பெரிய பந்தைக் கட்டிப்பிடித்த மாதிரி மார்பு உயரத்தில், முழங்கை மணிக்கட்டைவிடச் சற்றுத் தாழ்வாக. தாடை கொஞ்சம் உள்ளே. மூச்சை நீங்கள் ஓட்ட வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும்.

தப்பாகும் இடங்கள், நடக்கும் வரிசையிலேயே: இரண்டாவது நிமிடத்தில் தோள் காதை நோக்கி ஏறும். மூன்றாவது நிமிடத்தில் எடை கால் விரலுக்குப் போகும், விரல்கள் தரையைக் கவ்வும். அதற்கப்புறம் மூச்சு அடைபடும். தோள் ஏறியவரிடம் "தோளை இறக்கு" என்றால் இறங்காது. கைகளைத் தொப்புள் உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், தோள் தானாக இறங்கும். எடைக்கு ஒரு சோதனை: நின்ற நிலையிலேயே பத்து விரலையும் ஒருமுறை தூக்கிவிட முடிய வேண்டும்.

தொடை நடுங்குவது சாதாரணம். முழங்கால் குத்துவது சாதாரணமில்லை. உடனே நிமிர்ந்து நடந்துவிட வேண்டும்.

#3 · எலும்புமுறி

இன்னொன்றும் உண்டு. பிபி மாத்திரை சாப்பிடுபவர்களை அசையாமல் நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கும். கொட்டாவி மேல் கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, காது அடைப்பு: மூன்றில் ஒன்று வந்தாலும் உட்கார வைத்துவிடுங்கள். "சக்தி ஏறுது, தாங்கிக்கோ" என்று யாராவது சொன்னால் அவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். முழங்காலைப் பூட்டாமல் நிற்பதும் நிமிடத்துக்கு ஒருமுறை எடையை இடம் வலம் மாற்றுவதும் இதைப் பெருமளவு தடுக்கும். முடித்ததும் இரண்டு நிமிடம் நடை கட்டாயம்.

சர்க்கரைக்கு இன்சுலின் ஊசியோ இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக்கூடாது. அளவு 100-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

#4 · சுக்குக்காப்பி

அந்தத் தேநீர்தான் சார் எனக்குப் பயமா இருக்கு. பாதிப் பேருக்கு பிபின்னு முதல் பத்தியில எழுதிட்டு கடைசிப் பத்தியில தினமும் அதிமதுரம் போடறீங்களே.

அதிமதுரத்துல இருக்கற கிளைசிரைசின் சிறுநீரகத்துல ஒரு நொதியைத் தடுக்கும். அந்த நொதியோட வேலை, கார்டிசால் ஹார்மோனை அங்கே செயலிழக்கச் செய்யறது. அது நின்னுட்டா கார்டிசாலே, உப்பைத் தங்க வெக்கற ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் மாதிரி நடந்துக்கும். உப்பும் நீரும் உடம்புல தங்கும், பொட்டாசியம் வெளியே போகும், பிபி ஏறும். ஏற்கெனவே நீர் பிரியற மாத்திரை எடுக்கறவங்களுக்குப் பொட்டாசியம் ரெண்டு பக்கமும் ஒழுகும். அப்போ வர்ற அறிகுறிகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? தொடையில பலவீனம். உங்க வகுப்புல அதை "நிலைப் பயிற்சி வேலை செய்யுது"ன்னு எழுதிக்குவாங்க.

ஜின்செங்: சிலருக்குத் தூக்கம் கெடும், ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரினோட வேலையைக் குறைக்கலாம். டாங்குவே, டான்ஷென்னு ரெண்டு சீன மூலிகை இருக்கு, அதுங்க எதிர்ப்பக்கம், ரத்தத்தை இன்னும் நீர்க்க வெக்கலாம். ஸ்டென்ட் வெச்சவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க யாருன்னு பட்டியல் எடுக்காம பொதுவா ஒரு கெட்டிலைக் கொண்டாந்து வெக்காதீங்க.

முட்டிவலிக்குன்னு விக்கற பொட்டலங்கள்ல ஃபாங்ஜின்னு ஒரு பேர் வரும். அது ரெண்டு வேறு வேறு செடி. ஹான் ஃபாங்ஜி ஒண்ணு, குவாங் ஃபாங்ஜி இன்னொண்ணு. ரெண்டாவதுல அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கு. 1990-களோட தொடக்கத்துல பெல்ஜியத்துல எடை குறைக்கற மருந்துல முதலாவதுக்குப் பதிலா ரெண்டாவது கலந்துபோச்சு. நூத்துக்கும் மேல பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுது, பிற்பாடு அதுல பலருக்குச் சிறுநீர்ப்பாதையில புற்றுநோய். நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனம்தான். "மூலிகைதானே"ன்னு சொல்றவங்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

#5 · கிணற்றடி

தேநீரை அடித்துவிட்டேன். நிற்கும் நேரத்தையும் மாற்றிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி: கஷாயமும் பொதுவாகக் கொடுக்கக்கூடாது, ஊசியும் அப்படித்தான் என்றால், "சேர்த்துச் செய்வது" என்பதற்கு என்னதான் அர்த்தம்? செங் மன்-சிங் (1902–1975) தாய்ச்சி ஆசிரியர், சீன மருத்துவரும் கூட. தித்-தா வைத்தியர்கள் பலர் சண்டைக் கலைஞர்கள். அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பு இருந்திருக்க வேண்டுமே?

#6 · தேக்கா_வாசி

இருந்தது, இருக்கிறது. ஆனால் "இந்த அசைவுக்கு இந்தக் கஷாயம்" என்ற அட்டவணையாக இல்லை. இங்கே சிங்கப்பூரில் பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் போனால் அவர் கேட்பது பசி, மலம், தாகம், வியர்வை, தூக்கம், குளிர் தாங்குமா வெயில் தாங்குமா. நாக்கைப் பார்ப்பார், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்ப்பார். ஒரே முழங்கால் வலி இரண்டு பேருக்கு வந்திருக்கும். ஒருவருக்கு மழைநாளில் கூடும், சூடு வைத்தால் இதம். இன்னொருவருக்கு மூட்டு சிவந்து தொட்டால் சுடும், சூடு வைத்தால் கத்துவார். முதலாமவருக்கு மோக்ஸா. இரண்டாமவருக்கு மோக்ஸா கூடவே கூடாது. முதலில் அது யூரிக் அமிலமா, கிருமித் தொற்றா என்று ரத்தப் பரிசோதனை. உங்கள் திட்டம் பதினைந்து பேருக்கும் ஒரே புள்ளியில் சூடு வைக்கச் சொல்கிறது. சீன மருத்துவத்தின் கணக்குப்படியே அது தப்பு.

சேர்ப்பது எங்கே நடக்கிறது என்றால், நாளையும் நேரத்தையும் அளவையும் பொருத்துவதில். பழைய உதாரணம் ஒன்று. குய்ஜி தாங் என்ற கஷாயம், சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங்ஹான் லுன் என்ற மருத்துவ நூலில் வருவது. மருந்து ஐந்தே பொருள்: இலவங்கக் குச்சி, வெண்பியோனி வேர், இஞ்சி, சீன இலந்தைப் பழம், வறுத்த அதிமதுரம். ஆனால் அதைக் குடிக்கும் முறைக்கு எவ்வளவு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள். குடித்த சற்று நேரத்தில் ஒரு கிண்ணம் சூடான நீர்த்த கஞ்சி. பிறகு இரண்டு மணி நேரம் போல் போர்த்திப் படுக்க வேண்டும். உடம்பெங்கும் மெல்லிய ஈரம் வந்தால் போதும், தண்ணீராக ஓடினால் நோய் போகாது. இப்போது இதே ஆளை அன்று காலை வியர்க்க வியர்க்கத் தாய்ச்சி ஆட வைத்தால் என்ன ஆகும்? இரண்டு முறை வியர்க்கவைத்த கணக்கு. சளி காய்ச்சலுக்கு மருந்து குடிக்கும் நாளில் பயிற்சி கிடையாது என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஊசிக்கும் அப்படியே. ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய சீன மருத்துவ நூலின் சுவென் பகுதியில் ஊசி போடக் கூடாதவர் பட்டியல் இருக்கிறது: குடித்திருப்பவர், கடுங்கோபத்தில் இருப்பவர், களைத்துப் போனவர், அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டவர், பசித்திருப்பவர், தாகத்தில் இருப்பவர், பயந்து போனவர். நீங்கள் எழுதியிருக்கும் "பயிற்சி முடிந்த கையோடு" என்பதில் களைப்பு, பசி, தாகம் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஊசி குத்தியதும் மயங்கி விழுபவர்களில் பலர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றோடு வந்தவர்கள்தான்.

ஊசி நாள் என்றால்: லேசாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலைப் பயிற்சி இருந்தால் மாலை ஊசி. ஊசிக்குப் பின் அன்று கனமான நிலைகள் வேண்டாம், நடை போதும். முதல் முறை என்றால் படுத்த நிலையில்தான்.

#7 · சந்தேகசாமி

கஞ்சிக் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், ஆதாரம் இரண்டுக்கும் ஒரே மாதிரி இல்லை.

தாய்ச்சிக்கு: 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேர். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம், 24 வாரம். உடல் நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் குறைவாக விழுந்தார்கள். 2016-இல் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரில், 12 வாரத் தாய்ச்சி பிசியோதெரபிக்கு ஈடாக நின்றது.

ஊசிக்கு: 2007-இல் ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி 1,162 பேர். ஆறு மாதத்தில் நல்ல பலன் கண்டவர்கள்: முறைப்படி ஊசி 47.6 சதவீதம், புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி 44.2, வழக்கமான சிகிச்சை 27.4. அதாவது ஊசி உதவியது, ஆனால் எங்கே குத்தினோம் என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. புள்ளி வரைபடத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து மனப்பாடம் செய்யட்டும்.

#8 · தேக்கா_வாசி

எண்களை மறுக்கவில்லை. ஆனால் 27.4-க்கும் 47.6-க்கும் நடுவே இருக்கும் ஆள் வலி குறைந்ததென்று மறுநாள் பயிற்சிக்கு வருவார். குழுவுக்கு அதுதான் வேண்டும். வலியைக் கொஞ்சம் இறக்கி, அந்த இடைவெளியில் காலை வலுப்படுத்துவது. ஊசியை இதைவிடப் பெரிதாக நான் விற்கவில்லை.

#9 · காஞ்சி_1987

என்னங்க எல்லாரும் சீனா சீனான்னு... இதெல்லாம் காஞ்சிபுரத்துல இருந்து போன போதிதர்மர் கொடுத்தது. யிஜின்ஜிங்னு சொல்ற பயிற்சி நூலே அவர் எழுதினதுதான். இதைச் சொல்ல ஏன் கூச்சம்?

#10 · சந்தேகசாமி

கூச்சமில்லை, தேதி இடிக்கிறது. போதிதர்மர் 5-6ஆம் நூற்றாண்டு. யிஜின்ஜிங் அவர் பேரில் வந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1624 என்று தேதியிட்ட பின்குறிப்பு அதில் இருக்கிறது. பழைய தளபதிகள் பேரில் முன்னுரை ஒட்டியிருக்கிறார்கள், அவை போலி. அவர் ஊரைப் பற்றியும் பழைய சீனக் குறிப்புகளே ஒத்துப்போவதில்லை. 547 வாக்கில் எழுதியவர் பாரசீகப் பக்கத்து ஆள் என்கிறார், டான்லின் என்ற இன்னொரு பழைய எழுத்தாளர் தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறார்.

நம்மூர்ச் சங்கதி வேண்டுமென்றால் குமரி மாவட்டத்து அடிமுறை ஆசான்களைப் பாருங்கள். அடிக்கவும் தெரியும், அடிபட்டவனை அடங்கல் (வர்மத்தை இளக்கும் புள்ளி) தட்டி எழுப்பவும் தெரியும், எலும்பு கட்டவும் எண்ணெய் காய்ச்சவும் தெரியும். தித்-தா வைத்தியனும் அவரும் ஒரே மாதிரித் தேவையிலிருந்து வந்தவர்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று இதில் தேட வேண்டியதில்லை.

#11 · குதிரைநிலை

திட்டத்துக்கு வருவோம். 24 அசைவு வடிவம் 1956-இல் சீன விளையாட்டு ஆணையம் யாங் பாணியிலிருந்து சுருக்கியது. முழுதாக ஆட ஐந்தாறு நிமிடம் ஆகும். நாலு வாரத்தில் வரிசையை மனப்பாடம் செய்துவிடலாம், கால் சரியாகாது. முழங்கால் கெடுவது அந்த அவசரத்தில்தான். அதனால் 24-ஐயும் விடுங்கள். ஆறு அசைவு போதும்: தொடக்கம், முழங்கால் தடவி அடியெடுத்தல், குரங்கை விரட்டிப் பின்வாங்குதல், குருவி வாலைப் பற்றுதல், மேகக் கைகள், முடிப்பு. ஒரு காலில் ஆழமாகக் குந்தும் பாம்பு ஊர்ந்து இறங்குதல் இந்தக் குழுவுக்கு வேண்டவே வேண்டாம்.

முழங்கால் எப்படிக் கெடுகிறது என்பதை முழங்கால் தடவும் அடியை வைத்தே சொல்கிறேன். இடது கால் முன்னே, எடை அதில் 70 பங்கு. அடுத்த அடி எடுக்க இடது பாத நுனி வெளியே சுமார் 45 பாகை திரும்ப வேண்டும். பெரும்பாலோர் எடையை அங்கேயே வைத்துக்கொண்டு பாதத்தைத் திருப்புவார்கள். செருப்பு தரையைப் பிடித்துக்கொள்ளும், இடுப்பு திரும்பிவிடும், நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஒரு வகுப்பில் இது நாற்பது ஐம்பது தடவை நடக்கும். மூன்றாவது வாரம் உள்பக்கக் குருத்தெலும்பில் வலி.

சரியான வரிசை: எடையைப் பின்காலுக்கு இழு. முன்பாத நுனி தரையிலிருந்து எழும்பட்டும். இடுப்போடு சேர்த்துப் பாதத்தைத் திருப்பு. பாதம் முழுதும் பதி. அதற்கப்புறம்தான் எடை முன்னே போக வேண்டும். வெறுங்காலைத்தான் திருப்பலாம், எடை நிற்கும் காலைத் திருப்பக்கூடாது. தேர்ந்தவர்கள் எடையோடே திருப்புவார்கள், அது பிறகு.

இன்னொரு பார்வை: முன்கால் மடங்கும்போது முட்டிச்சில்லு இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா? பெருவிரல் பக்கம் உள்ளே சரிந்தால் அடி நீளத்தைக் குறையுங்கள். அகலமும் பாருங்கள்; இரு குதிகாலும் ஒரே கோட்டில் விழுந்தால் கயிற்றில் நடப்பது போல ஆடும். குதிகால்களுக்கு நடுவே பக்கவாட்டில் ஒரு சாண் இடம் விடுங்கள்.

#12 · எலும்புமுறி

பாதுவான்ஜினுக்கு என் திருத்தம். 2003-இல் சீன அரசு விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்திய வடிவத்தில் எட்டாவது தவிர ஒவ்வொன்றும் ஆறு தடவை, மொத்தம் சுமார் 12 நிமிடம். எட்டு தடவை அவசியமில்லை.

முதலாவது, கைகளை வானுக்கு உயர்த்துவது: மேலே நிற்கும் இடத்தில் மூச்சைப் பிடிக்கக்கூடாது, பிபி எகிறும். நான்காவது, பின்னால் திரும்பிப் பார்ப்பது: கழுத்துத் தேய்மானம் இருப்பவர்கள் தோளுக்கு நேராகப் பார்த்தால் போதும், கண்ணால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக. ஐந்தாவது, தலையையும் இடுப்பையும் சுழற்றுவது: தலைசுற்றல் உள்ளவர்கள் தலையைத் தொங்கவிடாமல் எடையை மட்டும் இடம் வலம் மாற்றட்டும். ஆறாவது, பாதத்தைத் தொடும் குனிவு: வட்டு பிதுங்கியவர், கண் அழுத்த நோய் உள்ளவர், பிபி கட்டுப்படாதவர் மூவரும் முழங்கால் வரை குனிந்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எட்டாவதில்தான் கவனம். குதிகாலைத் தூக்கி ஏழு தடவை விழவிடுவது. எலும்பு மெலிவு உள்ள, முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கிய அம்மாக்களுக்கு அந்த அதிர்வு வேண்டாம். தூக்கட்டும், விழவிடாமல் மெதுவாக இறக்கட்டும். ஒரு கை மரத்திலோ சுவரிலோ.

#13 · கிணற்றடி

நன்றி. ஐந்து குத்து? அதை விட மனசு வரவில்லை. ஷிங்யி ஆசிரியர் சுன் லுதாங் (1860–1933) எழுதியதிலேயே உறுப்புப் பொருத்தம் இருக்கிறதே. குழுவில் இரண்டு பேருக்கு மூச்சிரைப்பு. பி குத்து நுரையீரலுக்கு என்றால் அவர்களுக்காவது வைக்கலாமா?

#14 · தேக்கா_வாசி

அந்தப் பொருத்தம் ஐம்பூதக் கணக்கிலிருந்து வந்தது. கற்பவனுக்கு நினைவில் நிற்கவும், குத்தின் குணத்தைச் சொல்லவும் உதவும்: பி கோடரி போல இறங்கும், ஜுவான் நீர் போலச் சுழன்று ஏறும். சிகிச்சைக் குறிப்பாக எடுத்தால் ஏமாற்றம்தான். பி குத்தில் கை ஏறி இறங்குவதோடு விலா விரிந்து சுருங்கும், அதில் பலன் உண்டு. ஆனால் அடியெடுத்துப் பாயும் வேகம் மூச்சிரைப்புக்காரருக்கு ஆகாது.

அவர்களுக்கு லியுசிஜுயே கொடுங்கள், ஆறு ஒலிகள். தாவ் ஹோங்ஜிங் (456–536) காலத்திலேயே எழுதப்பட்டது. ஆறில் ஒன்றை மட்டும் எடுங்கள்: ஹூ. உதடு குவிய வேண்டும், ஊதி விளக்கணைக்கும் வேகம் வேண்டாம், சூடான காப்பியை ஆற்றும் அளவு போதும். உள்ளே மூக்கு வழி இரண்டு எண்ணிக்கை, வெளியே நான்கு. கைகள் தொப்புளருகிலிருந்து வெளியே விரிந்து திரும்பி வரட்டும். ஆறு தடவை, ஓய்வு, இன்னொரு ஆறு. அதிகமாக ஊதினால் கை விரல் மரமரக்கும், தலை லேசாகும். அது சி (உயிர்சக்தி) இல்லை, உடம்பில் கரியமில வாயு இறங்கிப்போனது. நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும்.

#15 · எலும்புமுறி

நுரையீரல் நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் உதடு குவித்த மூச்சும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும், வீட்டில் அல்ல.

#16 · பச்சிலை_நேசன்

மூணு மாசம் இதை ஒழுங்கா செஞ்சா பிபி, சுகர் மாத்திரை எல்லாம் தூக்கிப் போட்டுடலாம். உடம்புக்குத் தன்னைத்தானே சரிபண்ணிக்கத் தெரியும். மாத்திரைதான் நோயே.

#17 · சுக்குக்காப்பி

இல்லங்க, போடக்கூடாது. பயிற்சியால பிபி இறங்கலாம், சர்க்கரையும் இறங்கலாம். இறங்கினா மாத்திரை அளவைக் குறைக்கறது எழுதிக் கொடுத்த டாக்டரோட வேலை. அதுக்குத்தான் இந்தக் குழு ஒரு நோட்டு வெக்கணும்: வாரம் மூணு நாள், உக்காந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு, ஒரே கையில, ஒரே நேரத்துல பிபி எடுத்து எழுதணும். அந்த நோட்டோட டாக்டரைப் பாருங்க. சில மாத்திரைகளைத் திடுதிப்புன்னு நிறுத்தினா ரத்த அழுத்தமும் நாடியும் முன்னைவிட மேலே எகிறும்; பீட்டா பிளாக்கர் அந்த ரகம். இன்சுலின் மட்டுமே கதின்னு இருக்கறவங்க நிறுத்தினா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து. உங்க வரியைப் படிச்சிட்டு யாராவது நிறுத்திடுவாங்கன்னுதான் இவ்வளவு எழுதறேன்.

#18 · தேக்கா_வாசி

#17 சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இங்கே முறையாகப் படித்த சீன மருத்துவர் எவரும் "அதை நிறுத்திவிட்டு வா" என்று சொல்வதில்லை. என்னென்ன மாத்திரை என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்.

மோக்ஸா பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். ஜுசன்லி: முழங்காலை மடக்கி, முட்டிச்சில்லுக்குக் கீழே வெளிப்புறக் குழி. அங்கிருந்து நாலு விரல் கீழே, கெண்டைக்கால் முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. குச்சி தோலிலிருந்து 2 முதல் 3 செ.மீ., 10 நிமிடம், தோல் இளஞ்சிவப்பாகும் வரை. சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்தால் கொப்புளம். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வீட்டில் மோக்ஸா கிடையவே கிடையாது. சூடு தெரியாது, புண் தெரியும். புகை மூச்சிரைப்புக்காரர்களுக்கும் ஆகாது. இவர்களைக் கழித்துவிட்டால் பதினைந்து பேரில் எட்டொன்பது பேர்தான் தேறுவார்கள். அவர்களுக்கும் வாரம் இரண்டு நாள் போதும்.

தைலம்: தித்-தா தைலத்தில் குந்திரிக்கம், வெள்ளைப்போளம், குசும்பப்பூ, டாங்குவே எல்லாம் அரிசி மதுவில் வாரக்கணக்கில் ஊறும். சில சரக்குகளில் வத்சநாபி இனத்துக் கிழங்கும் சேரும். நச்சு. வெளிப்பூச்சு மட்டும், திறந்த புண்ணில் கூடாது, தடவிய கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக்கூடாது. என்ன கலந்திருக்கிறதென்று எழுதாத குப்பியை வாங்காதீர்கள். மது வாசனை அடிப்பதால் குழந்தைகள் எட்டாத இடம், பூட்டிய அலமாரி.

#19 · கிணற்றடி

திருத்திய திட்டம்:

1–4: நிலை 3 நிமிடத்தில் தொடங்கி 7 வரை. பாதுவான்ஜின், ஒவ்வொன்றும் 6 தடவை, #12-இன் மாற்றங்களோடு. வாரம் ஐந்து நாள்.
5–12: நிலை வாரம் ஒரு நிமிடம் கூடி 15 வரை. பாதுவான்ஜின் தொடரும். ஆறு அசைவுத் தாய்ச்சி. முதல் இரண்டு வாரம் கையே இல்லாமல் அடி மட்டும்.
மூச்சிரைப்புள்ள இருவருக்கு: ஹூ ஒலி, 6 + 6.
ஐந்து குத்து: இல்லை. (மனசில்லாமல்தான்.)
ஊசி: விருப்பமுள்ளவர் மட்டும், தனித்தனியாகப் பார்த்த பிறகு, மாலையில்.
தேநீர்: இல்லை. பயிற்சிக்குப் பின் தண்ணீர்.
நோட்டு: பிபி வாரம் மூன்று நாள், சர்க்கரைக்காரர்கள் பயிற்சிக்கு முன்.

விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

#20 · குதிரைநிலை

காலணி. அடிக்கட்டை தட்டையாக, மெல்லியதாக, அதிகம் பிடிக்காததாக இருக்க வேண்டும். ஓடுவதற்கென்று விற்கும் தடித்த குதிகால் வேண்டாம். எடை முன்னே தள்ளும், #2-இல் சொன்ன விரல் கவ்வல் வந்துவிடும். சர்க்கரைக்காரர்களை வெறுங்காலில் நிற்கவிடாதீர்கள். பூங்காவில் கருங்கல் பாவிய இடம் இருந்தால் மழைக்கு மறுநாள் அங்கே நிற்க வேண்டாம், பாசி வழுக்கும்.

#21 · கிணற்றடி

அங்கே பாதி இடம் கருங்கல்தான். மேடை பக்கம் சிமெண்டுத் தரை இருக்கிறது, ஆனால் ஏழு மணிக்கு மேல் வெயில் நேராக விழும்.

#22 · எலும்புமுறி

அப்போது ஆறு மணிக்குத் தொடங்குங்கள். ஆறே முக்காலுக்குள் முடியும் அளவுதான் திட்டமே.